நிறுவன இணையதளத்தில் வருபவரும் வழி தவறுகிறார், தேடுபொறியும் வழி தவறுகிறது. எங்கிருந்து திருத்தத் தொடங்குவது?

தராசுமுள் (கேள்வி)

அனைவருக்கும் வணக்கம். மின்னணு எடைக்கருவிகளைத் தயாரித்து விற்று, பழுதும் பார்த்துத் தரும் நடுத்தர நிறுவனம் ஒன்றில் இணையதளத்தைக் கவனிக்கும் பொறுப்பு அண்மையில் என்னிடம் வந்திருக்கிறது. தளத்தில் ஏறத்தாழ 340 பக்கங்கள் இருக்கின்றன. பல ஆண்டுகளாகப் பலருடைய கைபட்டு வளர்ந்த தளம் என்பதால், எந்தப் பக்கம் எதற்காக எழுதப்பட்டது என்பதே சில இடங்களில் விளங்கவில்லை. மேல் மெனுவில் ‘எங்களைப் பற்றி’, ‘தீர்வுகள்’, ‘தயாரிப்புகள்’, ‘சேவைகள்’, ‘வளங்கள்’, ‘தொடர்பு’ என்று ஆறு தலைப்புகள் உள்ளன. ‘தீர்வுகள்’ மீது சுட்டியை வைத்தால் பதினோரு உட்தலைப்புகள் விரிகின்றன. அவை அனைத்தும் எங்கள் விற்பனைத் துறையின் உட்பிரிவுகளுடைய பெயர்கள்.

சென்ற மாதம் ஒரு வாடிக்கையாளர் தொலைபேசியில் அழைத்தார். தராசில் எண் ஓரிடத்தில் நிற்காமல் ஏறி இறங்கிக்கொண்டே இருக்கிறது, என்ன செய்வது என்று கேட்டார். அதற்கான விளக்கம் எங்கள் தளத்தில் இருப்பது எனக்குத் தெரியும்; ஆகவே தளத்தைத் திறக்கச் சொல்லி, தொலைபேசியிலேயே வழி சொல்ல முயன்றேன். ‘சேவைகள்’ என்றேன், அங்கே இல்லை. ‘வளங்கள்’ என்றேன், அவருடைய கைபேசியில் அந்தத் தலைப்பே தென்படவில்லை. இறுதியில் ‘தயாரிப்புகள்’ வழியாக அவருடைய மாடலைக் கண்டுபிடித்து, அதன் அடியில் இருந்த ‘பதிவிறக்கம்’ என்ற பொத்தானை அழுத்தி, 64 பக்கப் பிடிஎஃப் கையேட்டின் 51ஆம் பக்கத்தில் அந்த விளக்கத்தை அடைந்தோம். பொறுமையான மனிதர், நன்றி சொல்லித் தொலைபேசியை வைத்தார். அவரைப் போல் அழைக்காமல், தளத்தை மூடிவிட்டுப் போனவர்கள் எத்தனை பேர் இருப்பார்கள் என்ற எண்ணம் அன்றிலிருந்து என்னை விடவில்லை.

தேடுபொறியிலும் இதே நிலைதான். எங்கள் நிறுவனத்தின் பெயரைத் தட்டினால் முதலிடத்தில் வருகிறோம். பெயர் தெரியாதவர் தட்டும் எந்தச் சொல்லுக்கும் வருவதில்லை. தளத்தின் பக்க முகவரிகளைப் பட்டியலிடும் சைட்மேப் கோப்பைக் கொடுத்திருக்கிறோம். இருந்தும், தளம் தேடலில் எப்படித் தெரிகிறது என்று காட்டும் கூகுள் சர்ச் கன்சோலில் 120க்கும் மேற்பட்ட பக்கங்கள் ‘கிரால் செய்யப்பட்டது, தற்போது இண்டெக்ஸ் செய்யப்படவில்லை’ என்ற பட்டியலில் நிற்கின்றன; அதாவது, கூகுள் வந்து படித்தும் தன் தேடல் தொகுப்பில் சேர்க்காதவை.

சொற்களைக் குறைத்துப் படங்களைப் பெரிதாக்க வேண்டும் என்கிறார் வடிவமைப்பாளர். ஒவ்வொரு பக்கத்தின் அடியிலும் முக்கியச் சொற்கள் நிறைந்த 500 சொற்களைச் சேர்க்க வேண்டும் என்கிறார் தேடுபொறி ஆலோசகர். இருவரும் ஒத்துப்போகும் ஒரே இடம், தளத்தை முழுவதும் புதிதாகக் கட்டி பக்கங்களின் இணைய முகவரிகள் அனைத்தையும் மாற்றிவிடலாம் என்பது. வருபவருக்கு எளிமையாக இருப்பதும் தேடுபொறிக்கு ஏற்றதாக இருப்பதும் உண்மையிலேயே ஒன்றோடொன்று மோதுபவையா? எதை முதலில் தொட வேண்டும்?

சொல்லடுக்கு

வணக்கம் நண்பரே. இரண்டும் மோதுவதில்லை. பெரும்பகுதி இரண்டும் ஒரே வேலைதான் என்பது, பல தளங்களைப் பிரித்து அடுக்கிய அனுபவத்தில் நான் கண்டது. உங்கள் தளத்துக்கு முதன்முறையாக வருபவருக்கும், பக்கங்களைத் தானாகப் படித்துச் செல்லும் கூகுளின் நிரலான கிராலருக்கும் உங்கள் நிறுவனத்தைப் பற்றி முன்கூட்டி எதுவும் தெரியாது. இருவருக்கும் கிடைப்பவை பக்கத்தில் எழுதியிருக்கும் சொற்களும், ஒரு பக்கத்திலிருந்து இன்னொன்றுக்குப் போகும் இணைப்புகளும் மட்டுமே. 1998இல் செர்ஜி பிரினும் லாரி பேஜும் கூகுளின் அமைப்பை விளக்கி எழுதிய கட்டுரையிலேயே, ஓர் இணைப்பில் உள்ள சொற்களை அது சென்று சேரும் பக்கத்தைப் பற்றிய சான்றாகவும் எடுத்துக்கொள்ளும் முறை இடம்பெற்றிருந்தது. ‘இங்கே சொடுக்கவும்’ என்ற இணைப்பு மனிதருக்கும் ஒன்றும் சொல்வதில்லை, கிராலருக்கும் ஒன்றும் சொல்வதில்லை. ‘தராசில் எண் நிலையாக நிற்காதபோது செய்ய வேண்டியவை’ என்ற இணைப்பு இருவருக்கும் ஒருசேரச் சொல்லிவிடுகிறது.

ஜெராக்ஸ் நிறுவனத்தின் பார்க் ஆய்வகத்தில் பீட்டர் பிரோலியும் ஸ்டூவர்ட் கார்டும் 1990களில் ‘தகவல் மணம்’ என்ற கருத்தை முன்வைத்தார்கள். இரை தேடும் விலங்கு மோப்பத்தைத் தொடர்ந்து போவதைப் போல, மனிதர்களும் தாம் தேடும் பொருளின் சாயல் எந்த இணைப்பில் தெரிகிறதோ அதைப் பின்பற்றிப் போகிறார்கள். சாயல் மங்கினால் திரும்பிவிடுகிறார்கள். உங்கள் ‘தீர்வுகள்’ என்ற சொல்லில் அப்படிப்பட்ட மணம் எதுவும் இல்லை. எதற்கான தீர்வு என்பது உள்ளே இருப்பவருக்குத் தெரியும், வெளியிலிருந்து வருபவருக்குத் தெரியாது. ‘வளங்கள்’ என்பதும் அப்படித்தான். கையேடு வேண்டும் என்று வருபவர் கையேடு என்ற சொல்லைத்தான் கண்ணால் தேடுவார். அந்தச் சொல் மெனுவில் இருந்திருந்தால் உங்கள் தொலைபேசி உரையாடல் ஒரு நிமிடத்தில் முடிந்திருக்கும்.

எந்தப் பக்கமும் மூன்று சொடுக்குக்குள் எட்ட வேண்டும் என்று ஒரு விதியை யாராவது உங்களிடம் சொல்லக்கூடும். அதை அப்படியே பிடித்துக்கொண்டு எல்லாவற்றையும் மேல் மெனுவில் கொட்டிவிடாதீர்கள். ஒவ்வொரு சொடுக்கிலும் ‘சரியான வழியில்தான் போகிறேன்’ என்ற உறுதி கூடிக்கொண்டே வந்தால், நான்காவது சொடுக்கு யாரையும் களைப்பாக்குவதில்லை. முதல் சொடுக்கிலேயே ஐயம் எழுந்தால் இரண்டாவது சொடுக்குக்கு ஆள் இருக்கமாட்டார்.

முதலில் தொட வேண்டியது பெயர்களை. அந்தப் பெயர்களை நீங்களும் நிர்வாகமும் ஒரு மேசையைச் சுற்றி உட்கார்ந்து முடிவு செய்ய வேண்டாம். மூன்று இடங்களில் அவை ஏற்கெனவே கிடக்கின்றன. தொலைபேசி எடுப்பவர்களின் குறிப்பேட்டில், வாடிக்கையாளர் சொன்னபடியே எழுதிய சொற்கள் இருக்கும். தளத்துக்குள் இருக்கும் தேடல் பெட்டியில் மக்கள் தட்டியவற்றின் பதிவு இருக்கும். அதிலும் ‘முடிவு எதுவும் இல்லை’ என்று திரும்பியவற்றை முதலில் படியுங்கள். சர்ச் கன்சோலில், உங்கள் தளம் எந்தெந்தத் தேடல்களுக்குக் காட்டப்பட்டும் யாரும் சொடுக்காமல் போனார்கள் என்பது இருக்கும். இந்த மூன்றையும் சேர்த்து ஒரே தாளில் எழுதினால், நிறுவனம் பேசும் மொழிக்கும் வாடிக்கையாளர் பேசும் மொழிக்கும் உள்ள இடைவெளி கண்முன்னே தெரியும்.

அடுத்து, முக்கியமான நாற்பது ஐம்பது பக்கங்களின் பெயர்களைத் தனித்தனிச் சீட்டுகளில் எழுதி, நிறுவனத்துக்கு வெளியே இருக்கும் சிலரிடம் கொடுத்து, ஒன்றோடொன்று சேர்வன என்று அவர்கள் நினைப்பவற்றை அடுக்கச் சொல்லுங்கள். ஒவ்வோர் அடுக்குக்கும் அவர்களே பெயரும் வைக்கட்டும். அதிலிருந்து உருவாகும் மெனுவை, வண்ணமும் படமும் இல்லாமல் வெறும் எழுத்தாகத் தாளில் எழுதி, வேறு சிலரிடம் காட்டி ஒரு வேலையைக் கொடுங்கள். ‘தராசில் எண் நிற்காமல் ஓடுகிறது, எந்தத் தலைப்பைத் தொடுவீர்கள்?’ என்று கேட்டுவிட்டு அமைதியாக இருங்கள். விளக்கிச் சொல்லும் ஆவல் நமக்கு எழும். அதை அடக்கிக்கொண்டு, அவர் விரல் எங்கே தயங்குகிறது என்பதை மட்டும் குறித்துக்கொள்ளுங்கள். ஐந்தாறு பேரிடம் கேட்டாலே பெரிய ஓட்டைகள் வெளிப்பட்டுவிடும்.

இனி அந்த ஒரு கேள்வியையே எடுத்துக்கொள்வோம். 51ஆம் பக்கத்தில் புதைந்திருக்கும் அந்த விளக்கத்தைத் தனிப் பக்கமாக வெளியே கொண்டுவாருங்கள். ‘தராசில் எண் நிலையாக நிற்கவில்லையா?’ என்பதே தலைப்பாக இருக்கட்டும். தரை சமமாக இல்லாதது, மேலே சுழலும் மின்விசிறியின் காற்று தட்டில் படுவது, தட்டின் விளிம்பு ஏதோ ஒன்றில் உரசுவது, மின்கலம் இறங்கிப்போனது, உள்ளிருந்து எடையை உணரும் லோட்செல்லின் கம்பியில் ஈரம் புகுந்தது என்று காரணங்களை, வாடிக்கையாளர் தாமே சரிபார்க்கக்கூடியவற்றிலிருந்து தொடங்கி வரிசையாக எழுதுங்கள். தாமே செய்யக்கூடியவை முடியும் இடத்தில் ‘பழுதுபார்க்கக் கேட்க’ என்ற இணைப்பு வரட்டும். ஒவ்வொரு மாடல் பக்கத்திலிருந்தும் இந்தப் பக்கத்துக்கு ஓர் இணைப்பு இருக்கட்டும். எழுதி முடித்துப் பாருங்கள்: தேடுபொறிக்காகத் தனியாக ஒரு சொல்லும் சேர்க்காமலே, ஒருவர் தேடுபொறியில் தட்டக்கூடிய சொற்கள் அனைத்தும் அதில் வந்திருக்கும்.

வேர்முனை

மேலே சொல்லப்பட்டதோடு முழுவதும் உடன்படுகிறேன். ஆனால் பெயர்களை மாற்றுவதற்கு முன்பு, இணைப்புகள் உண்மையிலேயே இணைப்புகளாக இருக்கின்றனவா என்பதை ஒருமுறை பார்த்துவிட வேண்டும். சுட்டியை வைத்தால் விரியும் மெனு என்று எழுதியிருக்கிறீர்கள். கிராலர் எதன் மீதும் சுட்டியை வைப்பதில்லை, எந்தப் பொத்தானையும் அழுத்துவதில்லை. பக்கத்துக்குள் ஓடும் ஜாவாஸ்கிரிப்ட் நிரல்களை இயக்கிப் பக்கத்தைப் பார்க்கும் திறன் கூகுளுக்கு இருக்கிறது. ஆனால் முகவரி குறிக்கப்பட்ட முறையான இணைப்புக் குறியாக அது பக்கத்தின் அடிப்படை மொழியான எச்.டி.எம்.எல்.லில் இருந்தால்தான் பின்தொடர்ந்து போகும் என்று நம்பலாம். சொடுக்கினால் ஒரு நிரல் ஓடி அடுத்த பக்கத்தைத் திறக்கும்படி கட்டியிருந்தால், மனிதருக்கு அது கதவு, கிராலருக்குச் சுவர். விசைப்பலகையை மட்டும் கொண்டு இயக்குபவருக்கும், திரையில் இருப்பதை ஒலியாகக் கேட்பவருக்கும் அது பெரும்பாலும் சுவராகவே ஆகிவிடுகிறது. சுட்டியே இல்லாத தொடுதிரையில் விரியும் மெனுவின் நிலையைச் சொல்லவே வேண்டியதில்லை.

உங்கள் கேள்வியில் ஒரு வரி என்னை நிறுத்தியது. வாடிக்கையாளரின் கைபேசியில் ‘வளங்கள்’ என்ற தலைப்பே இல்லை என்றீர்கள். இடம் போதவில்லை என்று கைபேசி வடிவத்தில் சில தலைப்புகளை யாரோ நீக்கியிருக்க வேண்டும். கைபேசியில் தெரியும் வடிவத்தையே முதன்மையாகக் கொண்டு தளங்களை இண்டெக்ஸ் செய்யப்போவதாக 2016இல் கூகுள் அறிவித்தது. அந்த மாற்றம் நிறைவடைந்ததாக 2023 அக்டோபரில் தெரிவித்தது. ஆகவே கைபேசி வடிவத்தில் இல்லாத இணைப்பு கூகுளைப் பொறுத்தவரை தளத்திலேயே இல்லாத இணைப்பு. உங்கள் 120 பக்கங்களில் எத்தனை அந்த ‘வளங்கள்’ தலைப்பின் கீழ் இருப்பவை என்று எண்ணிப் பாருங்கள். சைட்மேப் ஒரு பக்கம் இருக்கிறது என்று மட்டுமே தெரிவிக்கும். அந்தப் பக்கத்தை உங்கள் தளமே பொருட்படுத்துகிறதா என்பதை மற்ற பக்கங்களிலிருந்து வரும் இணைப்புகள்தாம் காட்டும்.

அந்தப் பட்டியலுக்கு இன்னொரு காரணமும் இருக்கக்கூடும். ‘கிரால் செய்யப்பட்டது, தற்போது இண்டெக்ஸ் செய்யப்படவில்லை’ என்றால், கூகுள் வந்து பார்த்துவிட்டுத் தற்போதைக்கு இண்டெக்ஸில் சேர்க்கவில்லை என்று பொருள். ஒரே தராசின் 30 கிலோ, 60 கிலோ, 100 கிலோ வகைகளுக்கு எண்ணை மட்டும் மாற்றித் தனித்தனிப் பக்கங்கள் போட்டிருந்தால் இப்படி ஆவது இயல்பு. அவற்றை ஒரே பக்கமாக இணைத்து, கொள்ளளவுகளை ஓர் அட்டவணையாகக் கொடுத்தால், ஒப்பிட்டுப் பார்க்க விரும்புபவருக்கும் அதுவே வசதி. பொருள்பட்டியலைச் சுருக்கிக் காட்டும் வடிகட்டிகளையும் பாருங்கள். கொள்ளளவு ஐந்து, துல்லியம் நான்கு, தட்டின் அளவு மூன்று, வரிசைமுறை நான்கு என்று தெரிவுகள் இருந்தால், ஒரே பொருள்பட்டியல் 240 வெவ்வேறு முகவரிகளாகப் பெருகிவிடும். இத்தகைய இரட்டைகளில் எது முதன்மையானது என்று குறிப்பதற்காகவே கேனானிக்கல் குறி இருக்கிறது. 2009 பிப்ரவரியில் கூகுள், யாகூ, மைக்ரோசாஃப்ட் மூன்றும் சேர்ந்து அதை அறிமுகப்படுத்தின. அது வேண்டுகோள்தான், கட்டளை அன்று என்பதையும் நினைவில் வையுங்கள்.

தேவையற்ற பக்கங்களை அகற்றும்போது பலரும் செய்யும் ஒரு தவறு உண்டு. பக்கத்தில் ‘இதை இண்டெக்ஸில் சேர்க்காதே’ என்று சொல்லும் நோஇண்டெக்ஸ் குறியைப் போட்டுவிட்டு, கூடுதல் பாதுகாப்பு என்று எண்ணி, கிராலர் எங்கே நுழையலாம் என்று சொல்லும் ரோபோட்ஸ் கோப்பிலும் அதைத் தடுத்துவிடுகிறார்கள். தடுத்த பக்கத்துக்குள் கிராலர் நுழையாது. நுழையாததால் அந்தக் குறியைப் படிக்காது. வேறெங்கோ இருந்து ஓர் இணைப்பு வந்தால், அந்த முகவரி தேடல் முடிவுகளில் வெறுமையாகத் தோன்றிக்கொண்டே இருக்கும். அகற்றுவதே நோக்கம் என்றால் நோஇண்டெக்ஸ் குறியை மட்டும் போட்டு, கிராலரைத் தடுக்காமல் விடுங்கள்.

முகவரிகளை மாற்றுவது பற்றி அழுத்தமாகவே சொல்கிறேன்: அழகுக்காக மாற்றாதீர்கள். பழைய முகவரிகளைப் பிறர் தம் தளங்களில் இணைத்திருக்கிறார்கள், சேமித்து வைத்திருக்கிறார்கள், மின்னஞ்சலில் அனுப்பியிருக்கிறார்கள். பக்கங்களை இணைப்பதால் மாற்றியே ஆக வேண்டியவற்றுக்கு, ஒவ்வொரு பழைய முகவரிக்கும் அதன் பொருளுக்கு மிக நெருங்கிய புதிய பக்கத்தைத் தேடி, 301 என்ற நிரந்தர வழிமாற்றை அமையுங்கள். ஒரே வரியில் வேலையை முடிக்க எண்ணி அனைத்தையும் முகப்புப் பக்கத்துக்குத் திருப்பிவிட்டால், கூகுள் அவற்றை இல்லாத பக்கங்களாகவே கருதக்கூடும். வந்தவரும் தாம் கேட்டது எங்கே என்று திகைப்பார். வழிமாற்றுகளை இயன்றவரை நீண்ட காலம், குறைந்தது ஓராண்டாவது வைத்திருக்க வேண்டும் என்பது கூகுளின் அறிவுரை.

தமிழில் முகவரி வைக்க எண்ணினால் ஒன்றை அறிந்துகொள்ளுங்கள். எழுத்துகளைக் கணினியில் குறிக்கும் யூடிஎஃப்-8 முறையில் ஒரு தமிழ்க் குறி மூன்று பைட்டுகள் எடுக்கும். நகலெடுத்து ஒட்டும்போது ஒவ்வொரு பைட்டும் விழுக்காட்டுக் குறியோடு மூன்று எழுத்துகளாக நீளும். ‘தராசு’ என்ற மூன்றெழுத்துச் சொல்லே, கால், உகரக் குறிகளையும் சேர்த்தால் ஐந்து குறிகள் என்பதால், 45 எழுத்துகளாகிவிடும். தேடுபொறிக்கு அதனால் இடையூறு இல்லை. முகவரியைச் செய்தியில் பகிர்பவருக்கு அது புரியாத சரமாகத் தெரியும் என்பதுதான் குறை. பக்கத் தலைப்பும் உள்ளடக்கமும் தமிழில் இருந்தால் அதுவே போதும் என்பது என் கருத்து.

மைக்கூடு

அந்த 500 சொற்களைப் பற்றி யாரும் பேசவில்லை என்பதால் எழுதுகிறேன். இத்தனை சொற்கள் இருந்தால்தான் முன்னே வரும் என்ற அளவு எதையும் கூகுள் வைத்துக்கொள்ளவில்லை. யாரும் படிக்காத அடிப்பகுதியில் ஒரே சொல்லைத் திரும்பத் திரும்ப நிரப்புவதை, தளத்துக்குக் கேடு செய்யும் தந்திரமாகவே அதன் வழிகாட்டுதல்கள் வகைப்படுத்துகின்றன. முக்கியச் சொற்களைப் பட்டியலிடும் மெட்டா கீவேர்ட்ஸ் குறியைத் தரவரிசைக்குப் பயன்படுத்துவதில்லை என்று 2009இலேயே கூகுள் வெளிப்படையாக அறிவித்துவிட்டது. உங்கள் ஆலோசகர் அதற்கும் கட்டணம் கேட்டால் மறுத்துவிடுங்கள். வடிவமைப்பாளரிடமும் ஒன்றைச் சொல்லுங்கள்: படத்துக்குள் பதித்த எழுத்தை நகலெடுக்க முடியாது, பெரிதாக்கினால் மங்கும், ஒலியாகக் கேட்பவருக்கு எட்டாது. தலைப்பு தலைப்பாகவே எழுதப்பட வேண்டும்.

சொல்லடுக்கு அவர்களோடு ஓரிடத்தில் மாறுபடுகிறேன். ‘தீர்வுகள்’ என்ற பெயர் போக வேண்டும் என்பது சரி. ஆனால் அதற்குப் பின்னால் இருந்த எண்ணத்தைக் கைவிடக்கூடாது. எடைக்கருவி வாங்க வருபவர்களில் ஒரு பகுதியினருக்குத் தமக்கு எந்த வகைத் தராசு வேண்டும் என்பதே தெரியாது. தம் தொழில் எது என்பது மட்டும் தெரியும். கிடங்கு நடத்துபவர், ஆய்வகத்தில் வேலை பார்ப்பவர், நகை எடை போடுபவர் என்று அவர்கள் தம்மைத் தாமே அடையாளம் காணும்படி ‘எந்த வேலைக்குத் தராசு?’ என்று ஒரு வழியும், மாடல் தெரிந்தவர்களுக்கு ‘தராசு வகைகள்’ என்று ஒரு வழியும் இருக்கட்டும். இரண்டு வழிகளும் அதே பொருள் பக்கங்களில் போய்ச் சேர வேண்டும். தொழிலுக்கொன்றாகப் பொருள் பக்கங்களைப் படியெடுத்தால், வேர்முனை அவர்கள் சொன்ன இரட்டைப் பக்கச் சிக்கல் மறுபடி முளைக்கும்.

பக்கத் தலைப்புகளையும் ஒருமுறை பார்த்துவிடுங்கள். எல்லாப் பக்கங்களும் நிறுவனத்தின் பெயரிலேயே தொடங்கினால், உலாவியில் ஆறு தாவல்களைத் திறந்து ஒப்பிடுபவருக்கு ஆறும் ஒன்றுபோல் தெரியும். ‘நடைமேடைத் தராசு, 60 முதல் 500 கிலோ வரை’ என்று பொருள் முதலிலும் நிறுவனத்தின் பெயர் கடைசியிலும் வரட்டும்.

தராசுமுள்

மூவருக்கும் நெஞ்சார்ந்த நன்றி. மூன்று வாரம் கழித்து வருகிறேன். தொலைபேசிக் குறிப்பேடுகளைப் படித்தபோது, நாங்கள் ‘அளவுத்திருத்தச் சேவை’ என்று எழுதியிருப்பதைப் பெரும்பாலானவர்கள் ‘தராசு சரியாகக் காட்டுகிறதா என்று பார்த்துத் தருவீர்களா?’ என்றுதான் கேட்கிறார்கள் என்பது தெரிந்தது. தாளில் எழுதிய மெனுவை ஆறு பேரிடம் காட்டினேன். பழைய மெனுவில் கையேட்டை ஒருவர்தான் கண்டுபிடித்தார். ‘கையேடுகளும் உதவியும்’ என்று மாற்றியபின் ஐந்து பேர் கண்டுபிடித்தார்கள். அளவுத்திருத்தத்தை மட்டும் இருவர் ‘பழுதுபார்ப்பு’ என்ற தலைப்பின் கீழும், நால்வர் ‘உதவி’ என்ற தலைப்பின் கீழும் தேடினார்கள். கைபேசியில் ‘வளங்கள்’ தலைப்பு நீக்கப்பட்டிருந்தது உண்மைதான்; இண்டெக்ஸ் ஆகாத பக்கங்களில் 71 அதன் கீழ் இருப்பவை.

இரண்டு ஐயங்கள் எஞ்சியிருக்கின்றன. முகப்பில் ஐந்து பெரிய படங்கள் தாமாகவே நகர்ந்து மாறும் பகுதி ஒன்று இருக்கிறது. நிர்வாகம் அதை விட மறுக்கிறது, ஆனால் தளம் மெதுவாகத் திறக்கிறது. மற்றொன்று, அந்தப் பழைய பிடிஎஃப் கையேடுகளை இனி நீக்கிவிடலாமா?

சொல்லடுக்கு

அளவுத்திருத்தத்தைப் பொறுத்தவரை ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டிய கட்டாயம் இல்லை. பக்கம் ஒன்றாகவே இருக்கட்டும். இரண்டு தலைப்புகளின் கீழிருந்தும் அதற்கு இணைப்பு வரட்டும். பெயரை ‘தராசு சரியாகக் காட்டுகிறதா? அளவுத்திருத்தம் செய்ய’ என்று வைத்தால் மக்களுடைய சொல்லும் தொழிற்சொல்லும் சேர்ந்துவிடும். மைக்கூடு அவர்களின் திருத்தத்தையும் ஏற்கிறேன். தொழில்வழி நுழைவு தேவைதான்.

வேர்முனை

படங்களைப் பற்றி நிர்வாகத்திடம் அளந்து காட்டிப் பேசுங்கள். பக்கத்தில் மிகப் பெரிதாக இருக்கும் படமோ உரைப்பகுதியோ 2.5 நொடிக்குள் தோன்ற வேண்டும், தொட்டால் 200 மில்லிநொடிக்குள் பக்கம் அதற்கு மறுமொழி காட்ட வேண்டும், பக்கம் குலுங்கும் அளவு 0.1ஐத் தாண்டக்கூடாது என்பவை கூகுள் வகுத்திருக்கும் மூன்று அளவைகள். வருகைகளில் நான்கில் மூன்று பங்காவது இவற்றுக்குள் இருக்க வேண்டும். இரண்டாவது அளவை 2024 மார்ச்சில்தான் பழைய அளவையின் இடத்துக்கு வந்தது. உங்கள் பக்கங்கள் இவற்றில் எங்கே நிற்கின்றன என்பதைச் சர்ச் கன்சோலே காட்டும். தளத்துக்கு வருகை மிகக் குறைவாக இருந்தால் மட்டும் தரவு இல்லை என்று வரக்கூடும். வேகம் தரவரிசையில் சிறு பங்குதான் வகிக்கிறது. பொருத்தமான பக்கத்தை வேகம் ஒன்றே வென்றுவிடாது. ஆனால் காத்திருக்கும் மனிதர் போய்விடுவார். ஐந்து படங்களுக்குப் பதில் ஒன்றை நிலையாக வைத்து, அதற்கு அகல உயரம் குறித்து, சுருக்கிய வடிவில் கொடுங்கள். பார்ப்பவர் அருகில் வரும்போதுதான் படத்தை ஏற்றும் தாமத முறையை அந்த முதல் படத்துக்குப் பயன்படுத்தாதீர்கள். அது கீழே இருக்கும் படங்களுக்கு உரியது.

கையேடுகளை நீக்க வேண்டாம். அச்சிட்டு வைத்துக்கொள்ள விரும்புபவர்களுக்கு அவை தேவை. பிடிஎஃப்பையும் கூகுள் இண்டெக்ஸ் செய்யும் என்பதால், தேடி நேராக அதற்குள் வந்து விழுபவர் உங்கள் மெனு எதுவும் இல்லாத இடத்தில் நிற்பார். ஆகவே ஒவ்வொரு கையேட்டின் முதல் பக்கத்திலும் உதவிப் பக்கத்துக்கு ஓர் இணைப்பைச் சேருங்கள். திருத்திய கையேட்டைப் பழைய முகவரியிலேயே, பழைய கோப்புப் பெயரிலேயே வையுங்கள்.

நான் உங்களிடம் கேட்க வேண்டியதும் ஒன்று உண்டு. கருவிகளின் அடியில் கியூஆர் குறி ஒட்டி அனுப்புகிறீர்களா?

தராசுமுள்

ஆம், சில ஆண்டுகளாக ஒட்டுகிறோம். நேற்று கிடங்கில் ஒரு தராசைத் தலைகீழாகத் திருப்பி ஸ்கேன் செய்து பார்த்தேன். அது ‘வளங்கள்’ என்ற தலைப்பின் கீழ் இருக்கும் பதிவிறக்கப் பக்கத்துக்குத்தான் போகிறது. அந்த முகவரியை நான் நீக்க வேண்டியவற்றின் பட்டியலில் எழுதி வைத்திருந்தேன்.

வேர்முனை

பட்டியலிலிருந்து அதை இன்றே எடுத்துவிடுங்கள். வழிமாற்றுக்குச் சொன்ன ஓராண்டுக் கணக்கு தேடுபொறிக்கானது. தராசின் அடியில் அச்சாகியிருக்கும் முகவரிக்குக் கெடு, அந்தத் தராசு உழைக்கும் காலம் வரை. அந்த முகவரியைப் புதிய ‘கையேடுகளும் உதவியும்’ பக்கத்துக்கு 301 கொண்டு திருப்பி, வழிமாற்றுக் கோப்பில் அந்த வரிக்கு மேல் ‘கருவிகளில் அச்சிடப்பட்டது, நீக்கக்கூடாது’ என்று குறிப்பு எழுதி வையுங்கள். எண் நிற்காமல் ஓடும் தராசைத் திருப்பிப் பார்ப்பவர் முதலில் காண்பது அந்தக் குறியைத்தான். ஆகவே அந்தப் பக்கத்தில் ‘தராசில் எண் நிலையாக நிற்கவில்லையா?’ என்ற இணைப்பு முதல் வரியாக இருக்கட்டும்.